மென்சா வீட்டுத் தண்ணீர்

போன கிழமை எங்கள் அலுவலகச் சாப்பாட்டறையில் ஒரு சின்னக் குழப்பம். மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சரக்கு அனுப்பும் கம்பனி ஒன்றில் எனக்கு வேலை. புதிதாகச் சேர்ந்த கானா நாட்டுப் பெண் ஒருத்தி, பாவம், இடம் பொருள் தெரியாமல் புகைபோட்ட மீன் குழம்பை மைக்ரோவேவில் வைத்துச் சூடாக்கிவிட்டாள். ஒருவர் எழும்பிப் போய்க் கதவைத் திறந்துவைத்தார். இன்னொருவர் மூக்குக்கு முன்னால் கையை விசிறினார். நான் என் கதிரையை இழுத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் கருவாடு காயப்போட்ட பாய்களுக்கு நடுவில் தவழ்ந்து வளர்ந்த மூக்கு என்னுடையது. அதற்கு எது வாசம், எது நாற்றம் என்று இனிமேல் ஒருவரும் பாடம் எடுக்கமுடியாது. "நல்ல வாசம்" என்றேன். அவள் நம்பவில்லை. மரியாதைக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். எனக்கோ அந்த வாசத்தில் ஒரு பழைய லிஃப்ட் ஞாபகம் வந்துவிட்டது.

ஜேன் தெருவில் இருந்த உயரமான அடுக்குமாடிக் கட்டடம் அது. இரண்டு லிஃப்டில் ஒன்று எப்போதும் பழுது. மற்றதில் சனிக்கிழமைகளில் ஏறினால், கதவு திறக்கிற மாடிகளில் எல்லாம் ஒவ்வொரு வீட்டுச் சமையலும் உள்ளே ஏறிக்கொள்ளும். புகை மீன், செம்பனை எண்ணெய், பொரித்த வாழைப்பழம். காலையில் ஒரு துண்டுப் பாணை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் பார்க்டேலில் இருந்து புறப்பட்டு வந்திருக்கும் எனக்கு வயிறு கிள்ளும். பக்கத்தில் நிற்கும் பிலோமினா அன்ரி கைலேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார். அந்தக் கைலேஞ்சியில் விக்ஸ் மணக்கும்.

அந்தக் கட்டடத்துக்கு நான் எதற்குப் போனேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வேதம் போதிக்கப் போனேன். ஆபிரிக்கப் பிள்ளைகளுக்கு. நான்!

கனடாவுக்கு வந்து இரண்டாவது குளிர்காலம். கிழமை நாட்களில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் மஃபின்களைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. கலியாணம் ஆகாத தங்கச்சியாக, அண்ணாவோடு பார்க்டேலில் ஒரு பேஸ்மென்ற். ஞாயிற்றுக்கிழமைகளில், மற்றவர்களின் பூசையெல்லாம் முடிந்து கத்தோலிக்கக் கோயில் ஆறிப்போய்க் கிடக்கும் மத்தியான நேரத்தில் எங்களுக்குத் தமிழ்ப் பூசை. அப்படி ஒரு ஞாயிறு பங்குச் சுவாமியார் ஒரு வேண்டுகோள் வைத்தார். ஜேன் தெருக் கட்டடத்தில் கானா நாட்டுக் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, பல வீடுகளில் தாய் தகப்பன் இருவருக்கும் சனி ஞாயிறிலும் வேலை, பிள்ளைகள் கோயில் பக்கம் வருவது குறைந்துவிட்டது, சனிக்கிழமைகளில் அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாட்டும் கதையும் சொல்லி முதல் நன்மைக்கு, முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கு, ஆயத்தப்படுத்த யாராவது முன்வருவீர்களா என்று கேட்டார். எல்லோரும் சப்பாத்தைப் பார்த்தார்கள். பிலோமினா அன்ரி மட்டும் கையை உயர்த்தினார். தன் ஒரு கையை உயர்த்தியதோடு, பக்கத்தில் இருந்த என் கையையும் பிடித்து உயர்த்திவிட்டார். அப்படித்தான் நான் மிஷனறி ஆனேன்.

"எங்கட ஊருக்கு வெள்ளைக்காரச் சுவாமிமார் கப்பலேறி வந்து வேதம் சொன்னவை. நாங்கள் பஸ் ஏறிப் போய்ச் சொல்ல மாட்டமோ?" என்றார் அன்ரி.

அன்ரிக்கு அப்போது ஐம்பது கடந்திருக்கும். பார்க்டேலில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி மகளோடு இருந்தார். சேலைக்கு மேல் பெரிய குளிர்கோட்டு, கால்களில் மருமகனின் பனிச் சப்பாத்து, கைப்பையில் செபமாலை, விக்ஸ், இஞ்சி இனிப்பு. குரல் நல்ல குரல். கோயிலில் அவர் பாடத் தொடங்கினால் பாடகர் குழு அவருக்குப் பின்னால் ஓடிப் பிடிக்கவேண்டும். பிள்ளைகள் என்றால் உயிர். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நான் சொல்லப்போவதை வைத்து அவரை நீங்கள் ஒரே அடியாகத் தள்ளிவிடக்கூடாது. என்னாலேயே முடியவில்லை.

முதல் சனிக்கிழமை பஸ்ஸில் இடம் கிடைத்து இருந்ததுமே அன்ரி தொடங்கினார்.

"பிள்ளை எவ்விடம்?"

ஊரைச் சொன்னேன். அவருக்கும் அதே தீவு. முகம் மலர்ந்தது.

"அட! கோயிலடியோ, சந்தையடியோ?"

"கோயிலுக்குப் பின்னால, அன்ரி."

"யாற்றை பிள்ளை?"

அப்பாவின் பெயரைச் சொன்னேன். அன்ரி "ஓ" என்றார். பிறகு ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பனியைப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து எனக்கு ஒரு இஞ்சி இனிப்பு எடுத்துத் தந்தார். எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கோயிலுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை, ஒடுங்கிய தெரு. அந்த ஒழுங்கைக்காரர் பூசையில் இருக்கிற பக்கம் வேறு. முன் தெருக்காரர் எங்கள் வீடுகளுக்கு அலுவலாக வருவார்கள், கதைப்பார்கள், சிரிப்பார்கள், ஆனால் தண்ணி வென்னி குடிக்கமாட்டார்கள். அப்படி யாராவது வந்தால் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் பறப்பார், சோடா வாங்க. மூடி உடைக்காத சோடா என்றால் குடிப்பார்கள். அதில் எங்கள் கை படவில்லை அல்லவா.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து என்னைக் கூட்டிப்போக அன்ரி எங்கள் பேஸ்மென்றுக்கு வருவார். அப்படி வந்த முதல் நாள் தேத்தண்ணி போட்டுக்கொண்டு போனேன். "வேண்டாம் பிள்ளை, இப்பதான் குடிச்சனான்" என்றார். அடுத்த கிழமை தண்ணீர் கொடுத்தேன். "இப்பதான் குடிச்சனான்." அதற்கடுத்த கிழமை அண்ணா வாங்கி வைத்திருந்த தகரச் சோடா ஒன்றை எடுத்து நீட்டினேன். அன்ரி அதை வாங்கித் தானே உடைத்து, கடைசித் துளிவரை குடித்துவிட்டு, "நல்ல குளிராக் கிடக்கு" என்றார். அதன்பிறகு நான் ஒவ்வொரு வெள்ளியும் வேலை முடிந்து வரும்போது ஒரு சோடா வாங்கி வருவேன். ஏன் வாங்கினேன் என்று கேட்காதீர்கள். அவர் எங்கள் வீட்டில் எதையாவது குடிக்கவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

வகுப்புக்கு வருவோம். கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில், உடுப்புத் தோய்க்கிற அறைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். கொண்டாட்டங்களுக்கு வாடகைக்கு விடுகிற இடம். வலை இல்லாத பிங்பொங் மேசை ஒன்று நடுவில் நிற்கும். அதுதான் எங்கள் பலிபீடம், இருக்கிற வாங்கு, மேளம் எல்லாம். நாங்கள் இரண்டு பேரும் யேசுவை அறியாத குழந்தைகளுக்கு அவரை அறிமுகப்படுத்தப் போகிறோம் என்ற நினைப்போடு போனோம். பிள்ளைகள் எங்களுக்கு அவரை அறிமுகப்படுத்தினார்கள். எங்களுக்குத் தெரியாத பாட்டுகள் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. ஒரு பாட்டை எடுத்தால் நாலு குரலாகப் பிரித்துப் பாடுவார்கள், சின்னதுகள் பிங்பொங் மேசையில் தாளம் போடும், தோய்க்கிற மெஷினுக்கு முன்னால் நிற்கிற தாய்மாரும் அங்கிருந்தே சேர்ந்துகொள்வார்கள். அன்ரி வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு மெதுவாக என் காதில், "உதுகளுக்கு நாங்கள் என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?" என்றார்.

ஆனாலும் அன்ரி விடவில்லை. கம்பளித் துணியில் உருவங்கள் வெட்டி, துணி சுற்றிய பலகையில் ஒட்டி ஒட்டிக் கதை சொல்லுவார். யேசுவை வெட்டுவதற்கு வெளிறிய துணி கிடைக்கவில்லை. மகளுடைய பழைய மண்ணிறப் பாவாடையில் வெட்டினார். ஒட்டியதும் ஒரு பெடியன், இவர் எங்கள் மாமாவைப் போல இருக்கிறார் என்றான். இன்னொருத்தி, இல்லை, இந்த அன்ரியைப் போல இருக்கிறார் என்றாள். பஸ்ஸில் வரும்போது அன்ரிக்குக் கவலை. "ஆண்டவர் கொஞ்சம் கறுத்துப்போனார் பிள்ளை. வேற துணி பாக்கவேணும்." வேறு துணி கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் அப்படியே இருந்தார்.

கதையைவிடப் பிள்ளைகளை இழுத்தது அன்ரியின் றோல்ஸ்தான். வெள்ளி பின்னேரம் மீனும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டி, சனி காலை பொரித்து, சூடு ஆறாமல் துவாயில் சுற்றிக் கொண்டுவருவார். மிளகாய் கூடிப்போனால் இந்த நாட்டுப் பிள்ளைகள் அழும் என்று நான் பயந்தேன். அவர்கள் இன்னும் உறைப்பு வேண்டும் என்று கேட்டார்கள். அன்று முதல் அன்ரிக்கு அவர்கள் மேல் தனி மதிப்பு.

அந்தப் பிள்ளைகளுக்குள் எஸி என்று ஒருத்தி. ஒன்பது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பிறந்ததால் அந்தப் பெயர் என்று அவளே சொன்னாள். பாட்டு எடுத்துக்கொடுப்பவள் அவள்தான். அவள் தொடங்கினால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். அன்ரி பக்கத்தில் நின்றால் அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்து விரலில் சுற்றிக்கொண்டே பாடுவாள். உயிர்த்த ஞாயிறான ஈஸ்டருக்கு முதல் நன்மை வாங்கப்போகிறவர்களில் அவள்தான் மூத்தவள். தாய் ஏற்கெனவே வெள்ளைச் சட்டை தைத்துவிட்டாள் என்று கிழமைக்கு ஒருதரம் எங்களுக்குச் சொல்லுவாள். அன்ரி அவளுக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்னச் செபமாலையை எடுத்து வைத்திருந்தார்.

முதல் நன்மைக்கு முன்னால் வீடுகளுக்குப் போய்ப் பெற்றோரைச் சந்திக்கவேண்டும் என்று சுவாமியார் சொல்லியிருந்தார். முதலில் எஸி வீட்டுக்கே போனோம். தாய் மிசிஸ் மென்சா, விமான நிலையத்தில் துப்புரவு வேலை. நாங்கள் வருகிறோம் என்று அன்றைக்கு வேலை மாற்றி வீட்டில் நின்றிருந்தாள். அவளுடைய தமையனும் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து இருந்தார். வீடு துடைத்து மினுங்கியது. கைகொடுத்தார்கள், இருக்கச் சொன்னார்கள். உடனே மிசிஸ் மென்சா உள்ளே போய் ஒரு தட்டில் இரண்டு கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் கொண்டுவந்து எங்களுக்கு முன்னால் நீட்டினாள்.

"நோ, நோ, தாங்க்யூ" என்றேன் நான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை வேறு என்ன சொல்லும்? முதல் முறை வேண்டாம் என்பது முறை. இரண்டாம் முறையும் வேண்டாம். மூன்றாம் முறை வற்புறுத்தினால், "சரி, நீங்கள் இவ்வளவு சொல்லுறதால" என்று வாங்கவேண்டும். உடனே வாங்கினால் அலைஞ்சது, காணாததைக் கண்டது என்று சொல்லிவிடுவார்கள். அன்ரியும் நெஞ்சில் கைவைத்து, "நோ தாங்க்யூ. ஜஸ்ற் நௌ ட்ராங்" என்றார். நான் இரண்டாவது உபசரிப்புக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. மிசிஸ் மென்சா தட்டைப் பிடித்தபடி தமையனைப் பார்த்தாள். தமையன் தரையைப் பார்த்தார். தட்டு மெதுவாக மேசைக்குப் போனது. அதன்பிறகு அந்த வீட்டில் ஒருவரும் எங்களிடம் ஒன்றுமே கேட்கவில்லை. நாங்கள் கொண்டுபோன பேச்சை நாங்களே பேசி முடித்தோம். "தாங்க்யூ" என்று கதவைத் திறந்துவிட்டார்கள். எஸி அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக ஓடிவந்து சேலையைப் பிடிப்பவள், அன்றைக்கு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை எஸி வகுப்புக்கு வரவில்லை. அவளுடைய மாடிப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. வந்த ஐந்தாறு சின்னதுகளும் பாட்டு எடுத்துக்கொடுக்க ஆளில்லாமல் ஆளையாள் பார்த்துக்கொண்டிருந்தன. றோல்ஸ் முக்கால்வாசி துவாயிலேயே திரும்பியது. பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும் என்றார் அன்ரி. ஒரு மாடிக்கே காய்ச்சல் வருமா?

அன்றைக்கே லிஃப்டடியில் மிசிஸ் மென்சாவைக் கண்டேன். அன்ரி கழிவறைக்குப் போயிருந்தார். எஸி ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவள் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

"எங்கள் நாட்டில் வீட்டுக்கு வருகிறவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்போம். அவர் குடித்த பிறகுதான் எதற்காக வந்தீர்கள் என்று கேட்போம். தண்ணீரைத் தொடாதவர் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று அர்த்தம். என் அண்ணா உங்களிடம் என்ன கேட்பது?"

எங்கள் ஊரில் முதலில் வேண்டாம் என்பதுதான் மரியாதை, மூன்றாம் தரம்தான் வாங்குவோம் என்று நான் அவசரமாக விளங்கப்படுத்தினேன். அவள் கேட்டாள். கொஞ்சம் சிரித்தாள்கூட. பிறகு என் முகத்தைப் பார்த்து, "உன்னை நம்புகிறேன். அந்தப் பெரிய அம்மாவுக்கும் அதே மரியாதைதானா?" என்றாள்.

நான் லிஃப்ட் பொத்தானை இன்னொருதரம் அமத்தினேன்.

"என் பிள்ளை அவர் கொண்டுவருவதைச் சாப்பிடுகிறாள். அவர் கையில் இருந்து வாங்குகிறாள். என் வீட்டுத் தண்ணீர் அவருக்கு ஆகாது. அப்படிப்பட்டவரிடம் என் பிள்ளையை அனுப்பி நான் எதைப் படிக்க வைப்பது?" லிஃப்ட் வந்தது. அவள் ஏறிப்போய்விட்டாள்.

எங்கள் ஒழுங்கையில் எத்தனையோ பேர் எத்தனையோ காலம் நெஞ்சுக்குள் வைத்திருந்த கேள்வி அது. ஒருவர்கூட வாய்விட்டுக் கேட்டதில்லை. நாங்கள் சோடா வாங்க ஓடினோம். இவள் கேட்டுவிட்டாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது என்பதுதான் உண்மை.

திரும்பும்போது பஸ்ஸில் அன்ரிக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், 'பெரிய அம்மா' உட்பட. அன்ரி ஒரு இஞ்சி இனிப்பைத் தாள் உரித்து வாயில் போட்டார். பிறகு, "எனக்கு வெளித்தண்ணி ஒத்துவராது பிள்ளை, தொண்டை கட்டிப்போடும்" என்றார். இன்னும் இரண்டு தரிப்பிடம் போனது.

"அவையிட்டைச் சோடா இருக்குமோ?"

"சோடா இல்லை அன்ரி. தண்ணிதான் குடிக்கவேணும்."

அன்ரி கைப்பையைத் திறந்து, செபமாலையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். கிணற்றடியில், தன் ஆட்கள் தண்ணீர் வாங்காத சனத்துப் பெண்ணிடம் ஆண்டவர் தண்ணீர் கேட்ட கதையை, போன மாதம்தான் பலகையில் உருவம் உருவமாக ஒட்டிச் சொல்லிக்கொடுத்தவர் அவர். கிணற்றைக்கூட நீலத் துணியில் அழகாக வெட்டியிருந்தார். அதை ஞாபகப்படுத்த வாய்வரை வந்தது. பயமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை மூன்றே பிள்ளைகள். அன்ரி பலகையை வெளியே எடுக்கவேயில்லை. பிங்பொங் மேசையில் றோல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இல்லாவிட்டால் மண்டபத்தை வேறு ஆட்களுக்குக் கொடுக்கப்போவதாகக் கட்டடக்காரர் அன்று காலை சொல்லியிருந்தார்கள். மூன்று பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு அன்ரி எழும்பிக் கோட்டின் தெறிகளைப் பூட்டினார். வீட்டுக்குப் போகப்போகிறோம் என்று நினைத்தேன். "வா, மேல போவம்" என்றார்.

லிஃப்டில் அன்றைக்குக் கைலேஞ்சியை எடுக்கவில்லை.

மிசிஸ் மென்சா கதவைத் திறந்து எங்களைப் பார்த்தாள். ஒரு கணம் யோசித்தாள். பிறகு இருக்கச் சொன்னாள். தமையன் உள்ளேயிருந்து வந்தார், இந்த முறை கோட்டு இல்லை. தண்ணீர் வந்தது. நான் என் கிளாசை உடனே எடுத்துக் குடித்துவிட்டேன், அலைஞ்சது என்று சொல்லுகிறவர்கள் சொல்லட்டும். அன்ரி கிளாசை இரண்டு கையாலும் எடுத்தார். பழக்கதோசத்தில் அண்ணாந்து, வாயில் படாமல் உயரத் தூக்கி ஊற்றப் பார்த்தார். கண்ணாடிக் கிளாசில் அது சரிவருமா? தண்ணீர் நாடியில் விழுந்து, கழுத்தால் ஓடி, சேலையை நனைத்தது. அறை வாசலில் எஸி களுக்கென்று சிரித்தாள். தாய் அவளை முறைத்தாள். அன்ரி கிளாசை இறக்கி அதைப் பார்த்தார். பிறகு விளிம்பில் வாயை வைத்து, மிச்சம் இருந்ததை மடக் மடக்கென்று முழுவதும் குடித்தார். கண்களை மூடிக்கொண்டுதான் குடித்தார். கசாயம் குடிக்கிற பிள்ளையின் முகம்.

வெறும் கிளாஸ் தட்டுக்குத் திரும்பியதும் தமையன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்போது சொல்லுங்கள், என்ன விசயமாக வந்தீர்கள்?" என்று முறையாகக் கேட்டார்.

முதல் நன்மை, சுவாமியார், விண்ணப்பம் என்று நான் தொடங்க, அன்ரி என் கையை அமத்தினார். "எஸி இல்லாமப் பாட்டு எடுபடுதில்லை எண்டு சொல்லு. எனக்கு ஒரு கிழமையா நித்திரை இல்லை எண்டு சொல்லு" என்றார். அப்படியே சொன்னேன். மிசிஸ் மென்சா எழும்பி உள்ளே போய் மீன் குழம்பும் சோற்றுருண்டையும் கொண்டுவந்து வைத்தாள். அதையும் சாப்பிட்டோம். உறைப்பு அன்ரிக்கே கூடிப்போய் மூக்கால் நீர் ஓடியது. அன்றைக்கு அந்த வீட்டில் நாங்கள் சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோசம்தான்.

எஸி அடுத்த கிழமையே வந்தாள், மாடி முழுவதையும் இழுத்துக்கொண்டு. உயிர்த்த ஞாயிறன்று வெள்ளைச் சட்டையோடு, அன்ரியின் செபமாலையோடு, சுவாமியார் நிறுத்தச் சொல்லும்வரை பாடினாள்.

யார் யாரிடம் போதிக்கப் போனோம் என்று அப்போதெல்லாம் யோசிப்பேன். அவர்கள் தண்ணீரைக் கொடுத்துவிட்டுத்தான் யார், எவர், எதற்கு என்று கேட்கிறார்கள். எங்கள் ஊரில் யாற்றை பிள்ளை என்று கேட்ட பிறகுதான் தண்ணீரைப் பற்றிய பேச்சு. அன்ரி அதைக் கடந்துவிட்டார் என்று நான் நம்பினேன். மனம் நிறைந்து நம்பினேன். மென்சா வீட்டில் குடித்ததற்கு அடுத்த சனிக்கிழமை நான் சோடா வாங்கி வைக்கவில்லை. புதிதாக ஒரு கண்ணாடிக் கிளாஸ் வாங்கி, இரண்டு தரம் கழுவி, துடைத்து, தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அன்ரி படியிறங்கி வந்தார். நீட்டினேன்.

"வேண்டாம் பிள்ளை. இப்பதான் குடிச்சனான்."

கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. குரலில் கெட்ட எண்ணமும் இல்லை. வழக்கமான அன்போடுதான் சொன்னார். கடல் கடந்து கானாவரைக்கும் போக முடிந்த மனுசிக்கு, எங்கள் கோயிலைச் சுற்றிப் பின்பக்கம் வர முடியவில்லை. நான் அந்தத் தண்ணீரைக் குழாயடியில் ஊற்றிவிட்டு அவரோடு பஸ் ஏறினேன். அன்றைக்கு நான் ஒரு பாட்டும் பாடவில்லை. குளிர் பிடித்திருக்கிறது என்று அன்ரி நெஞ்சில் விக்ஸ் தடவிவிட்டார். அவர் கை என்மேல் படும். அதில் அவருக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை.

அந்த வகுப்பு இன்னும் சில வருடம் நடந்தது. பிறகு கானாக்காரர் ஒவ்வொரு குடும்பமாகப் பிரம்ரன் பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். நாங்களும் பார்க்டேலை விட்டோம். கலியாணம், பிள்ளைகள், கடைசியாக ஸ்ரௌவ்வில்லில் ஒரு புது வீடு. அக்கம்பக்கம் எல்லாம் தமிழர்தான். ஆனாலும் கராஜ் கதவு ஏறும், கார் உள்ளே போகும், கதவு இறங்கும், ஆளைக் காணக் கிடைக்காது. ஜேன் தெருக் கட்டடத்தைப் புதுப்பித்துவிட்டார்களாம், மண்டபம் இருந்த இடத்தில் உடற்பயிற்சிக் கூடமாம். எஸியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அலுவலகத்துப் பெண்ணிடம் கேட்டுப் பார்த்தேன். "எஸி என்று எத்தனையோ பேர்!" என்று சிரித்தாள்.

நேற்று அன்ரியைப் பார்க்கப் போனேன். ஸ்காபறோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். "அம்மா ஒருத்தரையும் ஆர் எண்டு அடையாளம் பிடிக்கிறேல்லை, என்னையுந்தான்" என்று மகள் தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். ஜன்னலோரம் சக்கரக் கதிரையில் இருந்தார். அவ்வளவு பெரிய உடம்பு எங்கே போனதென்று தெரியவில்லை. பழைய பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினேன். உதடு அசையவில்லை. மத்தியானச் சாப்பாட்டுத் தட்டில் பிளாஸ்ரிக் கோப்பையில் தண்ணீர் இருந்தது.

"அன்ரி, தண்ணி குடிக்கிறியளே?"

என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதில் வந்தால்கூட நேற்று எனக்குச் சந்தோசமாக இருந்திருக்கும். அவர் வாயைத் திறந்தார். கோப்பையை அவர் உதட்டில் வைத்துச் சரித்தேன். குடித்தார். கொஞ்சம் வழிந்தது, துடைத்துவிட்டேன்.

கோப்பையை எடுத்துவிட்டு, அவருக்குக் கேட்கும்படி உரத்து, "அன்ரி, நான் பின் ஒழுங்கை அந்தோனியின்ரை மகள்" என்றேன். யாரும் கேட்காமல் நான் அதைச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அன்ரி என்னைப் பார்த்தார். இனிமையாகச் சிரித்தார். வாசலால் போகிற நேர்ஸுக்கும் அதே சிரிப்புத்தான். பின் ஒழுங்கையும் அந்தோனியும் அவருக்குள் இல்லை. அவற்றோடு சேர்ந்து, சேலையை நனைத்துக்கொண்டு மென்சா வீட்டில் கிளாசில் வாய்வைத்த மனுசியும் இல்லை. இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தார். மிச்சத் தண்ணீரையும் கொடுத்தேன்.

யாற்றை பிள்ளை என்று தெரிந்துகொண்டே ஒரு வாய் குடித்திருக்கலாம், அன்ரி.